வடக்கே மலை தெரிய வேண்டும்

முதல் நாள், செவ்வாய்

ஏற்காடு எக்ஸ்பிரஸ் எங்களைச் சேலம் ஜங்ஷனில் இறக்கிவிட்டபோது விடிய இன்னும் நேரம் இருந்தது. மகள் பாதித் தூக்கத்தில் பையைக் கட்டிக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள். பதினான்கு வயது. பிறந்தது, வளர்ந்தது எல்லாம் சென்னை. சேலம் என்றால் அவளுக்கு ஒரு கல்யாணம், ஒரு காதுகுத்து, சாப்பிட்டதும் ரயிலேறிவிடுகிற ஊர்.

இந்த முறை ஊர் சுற்ற வரவில்லை, வீடு பார்க்க வந்திருக்கிறோம். சேலம் கிளைக்கு மாற்றல் வேண்டுமா என்று அலுவலகத்தில் கேட்டிருக்கிறார்கள். மாத முடிவுக்குள் பதில் சொல்ல வேண்டும். கல்யாணமாகி இங்கிருந்து கிளம்பிப் பதினெட்டு வருஷம் ஆயிற்று. அப்புறம் வந்ததெல்லாம் விருந்தாளியாகத்தான். விருந்தாளிக்கு ஊர் எப்போதும் நன்றாகத்தான் இருக்கும். குடியிருக்க எப்படி இருக்கும் என்று பார்க்க ஐந்து நாள் லீவு போட்டிருக்கிறேன். தினமும் ராத்திரி எழுதிப் போடுவதாக உத்தேசம்.

கிளம்பும்போது அம்மா ஒரே ஒரு கட்டளை போட்டாள். "வாடகைய அப்புறம் பேசு. மொதல்ல தண்ணி விசாரி." என் வீட்டுக்காரர், "நெட் ஒழுங்கா வருதான்னு பாரு" என்றார். என் நிபந்தனையை நான் யாரிடமும் சொல்லவில்லை. மொட்டை மாடியில் நின்றால் வடக்கே மலை தெரிய வேண்டும்.

சேலத்துக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டாம். மற்றவர்களுக்குச் சொல்கிறேன். இந்த ஊர் ஒரு தாம்பாளம் மாதிரி, விளிம்பெல்லாம் மலை. வடக்கே சேர்வராயன் மலை, அதன் தலையில்தான் ஏற்காடு. அதற்கு முன்னால் காவலுக்கு உட்கார்ந்த மாதிரி நகரமலை. தெற்கே ஜருகுமலை, மேற்கே கஞ்சமலை, கிழக்கே கோதுமலை. சின்ன வயதில் வழி தவறினால் நிமிர்ந்து பார்ப்போம், எந்த மலை எந்தப் பக்கம் என்று தெரிந்தால் வீடு எந்தப் பக்கம் என்று தெரிந்துவிடும். சென்னைக்குப் போன புதிதில் எனக்குத் தெருவே பிடிபடவில்லை. எந்தத் தெரு முனையிலும் ஒன்றும் இல்லை. வானம் கீழே வரைக்கும் இறங்கி வெறுமனே கிடந்தது.

ஆட்டோக்காரர் ஐந்து ரோட்டில் ஈரடுக்கு மேம்பாலத்தில் ஏறினார். 2020-ல் திறந்த பாலம். கட்டிய காலத்தில் ஊரே புழுதி குடித்தது. இப்போதும் கீழே போனால் தூணும் நிழலும்தான், மலை கண்ணில் படாது. ஆனால் மேலே ஏறியதும் கிழக்கு வெளுத்துக்கொண்டிருந்தது, நாலு பக்கமும் மலை கோடு போட்ட மாதிரி எழுந்து நின்றது. மகள் கண்ணைக் கசக்கிக்கொண்டு, "இவ்ளோ கிட்டயா இருக்கு?" என்றாள். அந்த ஒரு விஷயத்துக்காகப் பாலத்தை மன்னித்துவிட்டேன்.

அம்மாபேட்டையில் மாமா வீடு. தெருவில் நுழைந்ததும் முதலில் வந்தது தறிச் சத்தம். முன்பெல்லாம் வீட்டுக்கு வீடு குழித்தறி, இப்போது பெரும்பாலும் விசைத்தறி. மாமா மட்டும் பிடிவாதமாகக் கைத்தறியில் வெண்பட்டு வேட்டி நெய்கிறார். சேலம் வெண்பட்டுக்குப் புவிசார் குறியீடு உண்டு. ஆனால் நெய்ய ஆள் தேய்ந்துகொண்டே வருகிறது. எழுபதைத் தாண்டிய கண்ணுக்கு, தலைமுடியைவிட மெல்லிய இழை அறுந்தால் எங்கே அறுந்தது என்று எப்படித் தெரிகிறதோ. நாடாவை நிறுத்தினார், குனிந்தார், கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் எதையோ திருகினார், நிமிர்ந்தார். அவ்வளவுதான். மகள் போனில் படம் பிடித்துப் பெரிதாக்கிப் பார்த்தாள். அப்போதும் முடிச்சு தெரியவில்லை.

"கண்ணுல பாக்கறதில்ல பாப்பா. வெரல்ல பாக்கறது" என்றார் மாமா.

முதல் வீடு அதே தெருவில், மாமாவே சொல்லி வைத்தது. மேல் போர்ஷன், காற்றோட்டம், வாடகையும் குறைவு. இரண்டு பக்கமும் விசைத்தறி. எனக்கு அது தாலாட்டு. நாங்கள் வளர்ந்த காலத்தில் ராத்திரி கரண்ட் போய்த் தறி நின்றால்தான் தூக்கம் கலைந்து எழுந்து உட்காருவோம். மகள் ஐந்து நிமிஷம் நின்று பார்த்துவிட்டு, "அம்மா, நான் பத்தாவது படிக்கணும்" என்று மட்டும் சொன்னாள். நியாயம்தான். மாடியில் ஏறிப் பார்த்தேன், மலை தெரிந்தது. மனசில்லாமல் இறங்கினேன்.

சாயங்காலம் தட்டுவடை செட்டு. அம்மாபேட்டை மெயின் ரோட்டில் விளக்கு வைக்கும் நேரத்துக்கு வண்டிகள் வரிசையாக வந்து நின்றுவிடும். பிஸ்கட் அளவுத் தட்டுவடை ஒன்று, அதன்மேல் பச்சைச் சட்னி ஒரு இழுப்பு, துருவின பீட்ரூட், கேரட், பொடியாக நறுக்கின வெங்காயம், மேலே சிவப்புச் சட்னி, அதற்கு மூடியாக இன்னொரு தட்டுவடை. வண்டிக்காரம்மாவின் கை நிற்கவேயில்லை. காகிதத் தட்டில் ஆறு செட்டு அடுக்க அரை நிமிஷம்கூட ஆகவில்லை. மகள் பர்கர் கடிப்பது மாதிரி பாதியைக் கடித்தாள். மீதி பாதி சட்டையில்.

"முழுசா வாய்ல போடு கண்ணு. இது கடிக்கிற பண்டமில்ல" என்றார் அந்த அம்மா. இரண்டாவதை முழுசாகப் போட்டாள். கண்ணில் தண்ணீர் வந்தது. பூண்டும் மிளகாயும் சும்மா விடுமா? ஆனாலும் தட்டை என்னிடம் திருப்பித் தரவில்லை. அப்புறம் ஒரு நொறுக்கல் வாங்கினோம். தட்டுவடையை நொறுக்கிப் பொரியோடு சட்னி போட்டுக் கிளறித் தருவது. அதற்கும் எனக்குப் பங்கு கிடைக்கவில்லை.

இரண்டாம் நாள், புதன்

இன்று புரோக்கர் ஒருவரோடு அலைந்தேன். போனில் "மேடம், ஃபுல் மலை வியூ" என்று சத்தியம் செய்தவர். போய்ப் பார்த்தால் ஜன்னலைத் திறந்ததும் பக்கத்து வீட்டுக் குளியலறைச் சுவர். மலை எங்கே என்றேன். சுவரைக் காட்டி, "இதுக்குப் பின்னாடிதாங்க" என்றார். பொய் சொன்னார் என்று சொல்ல முடியாது. அலைச்சல் கூலியை மட்டும் கறாராக வாங்கிக்கொண்டார்.

இன்னொரு வீடு செவ்வாய்பேட்டைப் பக்கம். செவ்வாய்க்கிழமை சந்தை கூடியதால் செவ்வாய்பேட்டை. மளிகை மொத்த வியாபாரமெல்லாம் இங்கேயும் லீ பஜாரிலும்தான். சந்துக்குள் நடந்தால் மிளகாய் நெடி ஒரு வீடு, வெல்ல வாசனை ஒரு வீடு, அதற்கடுத்து வெள்ளிப்பட்டறை. திண்ணையில் நாலு பேர் உட்கார்ந்து கொலுசு வேலை செய்துகொண்டிருந்தார்கள். ஒருவர் கம்பியை வளைத்துத் துண்டாக்குகிறார், ஒருவர் ஊதி ஒட்டவைக்கிறார், ஒரு அக்கா சலங்கைக் குண்டுகளை இடுக்கியால் எடுத்துக் கோக்கிறார். மடியில் ஒரு துணி விரித்திருக்கிறது, தெறிக்கிற வெள்ளித் தூசு வீணாகக் கூடாது. கொலுசு காலுக்குப் போகும் முன் பத்து வீட்டுத் திண்ணையாவது ஏறி இறங்குகிறது. சேலம் கொலுசு என்று சென்னையில் கண்ணாடிப் பெட்டிக்குள் பார்த்ததற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை.

இந்த ஊரில் எனக்குப் பிடித்ததே இதுதான். யாராவது எதையாவது செய்துகொண்டிருப்பது தெருவில் நடந்தாலே தெரியும். தறி, வெள்ளி, அப்பளம், முறுக்கு. நான் வேலை பார்ப்பது காகிதத்தோடு. அதில் எது யாருக்குப் போகிறது என்று எனக்கே தெரியாது.

சரி, வீட்டுக்கு வருவோம். வீட்டுக்காரரிடம் தண்ணி விசாரித்தேன். "மேட்டூர் தண்ணிங்க. நாலு நாளைக்கு ஒரு தடவ வரும். தொட்டி பெருசு." அம்மாவுக்குப் போன் போட்டுக் கொடுத்தேன், அவளே பேசட்டும் என்று. பனமரத்துப்பட்டி ஏரித் தண்ணீர் குடித்து வளர்ந்தவள், தண்ணீர் விஷயத்தில் அவளை ஏமாற்ற முடியாது. தொட்டி எத்தனை லிட்டர், மூடி உண்டா, மோட்டார் யார் போடுவது, எல்லாம் கேட்டு முடித்து, "பரவால்ல" என்றாள். ஆனால் அங்கே மலை இல்லை. இந்தத் தடவை புரோக்கரிடம் கேட்கவேயில்லை, நானே மாடி ஏறிப் பார்த்துவிட்டேன். சுற்றிலும் தண்ணீர்த் தொட்டிகள்.

மத்தியானம் கோட்டைப் பக்கம் நடந்தோம். வெயில் மண்டையைப் பிளந்தது. மே மாதச் சேலத்தைப் பற்றி நான் பொய் சொல்ல மாட்டேன். மலை சூழ்ந்த ஊர் என்றால் குளிரும் என்று நினைக்கிறார்கள். தாம்பாளம் என்றேனே, சூடு ஏறினால் அது வாணலி. அதோடு திருமணிமுத்தாறு. சேர்வராயன் மலையில் பிறந்து ஊருக்கு நடுவே போகிற ஆறு. பெயரைக் கேட்டால் கையெடுத்துக் கும்பிடத் தோன்றும், பாலத்தைக் கடக்கும்போது அதே கை மூக்குக்குப் போய்விடுகிறது. பாட்டி அதில் துணி துவைத்திருக்கிறாள். இந்த ஊர்க்காரர்களிடம் எனக்கு ஒரு சண்டை பாக்கி என்றால் அது இந்த ஆறுதான். அந்தச் சண்டையில் எனக்கும் பங்குண்டு.

கோட்டை மாரியம்மன் சன்னதியில் கூட்டமில்லை. ஆடியில் இங்கே நிற்க முடியாது. எட்டுப் பேட்டை மாரியம்மன்களுக்கும் பெரியவள் இவள். ஆடியில் குகை என்கிற பேட்டையில் வண்டி வேடிக்கை நடக்கும். வண்டியை ஜோடித்து, சாமி வேஷம் கட்டி ஆட்கள் அதில் நின்றபடி ஊர்வலம் வருவார்கள். சிவனாக நின்ற பக்கத்து வீட்டு அண்ணன் எங்களைப் பார்த்ததும் சிரிப்பை அடக்க முடியாமல் நெற்றிக்கண்ணோடு நெளிந்தது எனக்கு இன்னும் ஞாபகம். நகராட்சி 1994-ல் மாநகராட்சியாகிவிட்டது. ஆனால் ஆடி வந்தால் ஊர் பழையபடி பேட்டை பேட்டையாகப் பிரிந்துகொள்கிறது, எங்கள் பேட்டை அம்மன், உங்கள் பேட்டை அம்மன் என்று.

வ.உ.சி. மார்க்கெட்டில் பூ நிறுத்துக்கொண்டிருந்தார்கள். முழம் போட்டு அல்ல, கிலோக் கணக்கில். அரளி மூட்டை மூட்டையாக. பனமரத்துப்பட்டிப் பக்கம் விளைகிற அரளிதான் வெளி மாநிலம் வரை போகிறது. ஏரியைப் பற்றி அம்மாவுக்கு ஞாபகம், அரளியைப் பற்றி வியாபாரிகளுக்கு. ஒரே ஊர்.

அப்புறம் மாம்பழம். இதை எழுதத்தான் இவ்வளவு நேரம் காத்திருந்தேன். சின்னக் கடை வீதியில் கூடை கூடையாக இறங்கியிருந்தது. இமாம்பசந்து, செந்தூரா, பெங்களூரா, நடுசாலை, குண்டு. எல்லாவற்றுக்கும் நடுவில் மல்கோவா, தொப்பை போட்ட பெரிய மனுஷர் மாதிரி. அழகான பழம் அல்ல. தோல் பாதிப் பச்சையாகவே இருக்கும், உருவமும் ஒரு பக்கம் கோணல். நிறம் பார்த்து வாங்குகிறவர் தாண்டிப் போய்விடுவார். காம்புப் பக்கம் மோந்து பார்க்க வேண்டும். மருந்து வைத்துப் பழுக்க வைத்த பழத்துக்கு அங்கே வாசனை இருக்காது, தோல் மட்டும் மஞ்சளாகத் தளதளக்கும்.

கடைக்காரர் ஒன்றை எடுத்து இரண்டு உள்ளங்கைக்கு நடுவில் வைத்துப் பார்த்தார். அமுக்கவில்லை. "இது நாளைக்கி. இது நாளான்னைக்கி. இத இன்னைக்கே சாப்புட்டுருங்க" என்று மூன்று பழத்துக்கும் நாள் குறித்துக் கொடுத்தார். வரகம்பாடித் தோப்புப் பழமாம். வீட்டுக்கு வந்ததும் நாள் குறித்த கெடு யாருக்கு ஞாபகம்? மூன்றையும் இன்றைக்கே முடித்துவிட்டோம். மல்கோவாவில் கொட்டை சின்னது, நார் கிடையாது. மகள் கொட்டையைச் சப்பிக்கொண்டே மாமாவின் தறிக்குழிக்குப் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டாள். பட்டு இருக்கிற இடம் என்று அத்தை விரட்டினாள்.

மூன்றாம் நாள், வியாழன்

மாம்பழம் சூடு. எங்கும் போகவில்லை.

வெந்தயமும் மோருமாகப் பொழுது போயிற்று. அத்தை மொட்டை மாடியில் பழைய வேட்டி விரித்து ஜவ்வரிசி வடாம் ஊற்றினாள். காவலுக்கு நான். குடையும் குச்சியும் கொடுத்து உட்கார வைத்துவிட்டாள். சேலம் ஜவ்வரிசிக்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது தெரியுமா என்று கேட்டேன். நாம் சாப்பிடுகிற பாயசமெல்லாம் இந்தப் பக்கத்துக் குச்சிக்கிழங்கு, அதாவது மரவள்ளி என்றேன், 1981-லேயே இதற்கென்று கூட்டுறவு அமைப்பு, சேகோசர்வ், வந்துவிட்டது என்றேன். மடமடவென்று சொல்லிக்கொண்டே போனேன்.

"குறியீடு கெடக்கட்டும், காக்கா வருது பாரு" என்றாள்.

நாலு மணிக்கு வடக்கே மலை கறுத்தது. "இன்னும் அரை மணி நேரம், எடுத்துரு" என்று கீழே தறியிலிருந்தபடியே மாமா குரல் கொடுத்தார். அவர் வானத்தைப் பார்க்கவே இல்லை, காற்று மாறினதை வைத்துச் சொன்னார். சரியாக அரை மணியில் கோடை மழை. வேட்டியோடு வடாத்தைச் சுருட்டிக்கொண்டு ஓடினேன். பாதி ஒட்டிக்கொண்டது.

நான்காம் நாள், வெள்ளி

மகளுக்கு இன்றோடு பொறுமை போய்விட்டது. "வீடு வீடா பாத்து எனக்கு என்ன கெடைக்கும்?" சரி, ஏற்காடு போகலாம் என்றேன். சேலத்தில் இருப்பதன் வசதியே அதுதான், ஏற்காட்டுக்குப் பெட்டி கட்ட வேண்டாம், ஓட்டல் பதிவு செய்ய வேண்டாம். புது பஸ் ஸ்டாண்டில் பஸ் ஏறினால் முப்பது கிலோமீட்டர். நாங்கள் கல்லூரியில் பரீட்சை முடிந்த மத்தியானமே கிளம்பி, ராத்திரி சாப்பாட்டுக்கு வீட்டில் இருப்போம். வீட்டில் யாருக்கும் தெரியாது என்று நினைத்தோம். முடியில் ஒட்டிய மலைக்குளிர் வாசனையிலேயே அம்மாவுக்குத் தெரிந்திருக்கிறது.

அடிவாரம் தாண்டியதும் கொண்டை ஊசி வளைவுகள், மொத்தம் இருபது. ஒன்பதாவதில் மகள் முகம் வெளுத்தது. முன் சீட்டில் இருந்த ஒரு பாட்டி திரும்பிப் பார்த்து, சுருக்குப் பையிலிருந்து எலுமிச்சம்பழம் ஒன்றை எடுத்து நகத்தால் கீறிக் கொடுத்தார். "மோந்துக்க சாமி. வளவுல வெளிய பாக்காத, ரோட்ட பாரு." மலைக் கிராமத்துக்காரர். சேலத்தில் மாத்திரை வாங்கிக்கொண்டு திரும்புகிறாராம். மாசம் ஒரு தடவை இறங்கி ஏறுகிறார். "நீங்க குளுருக்கு மேல வர்றீங்க. நாங்க மாத்தரைக்குக் கீழ வர்றோம்" என்று சிரித்தார். ஏற்காட்டில் ஒரு பெரிய ஆஸ்பத்திரி இருந்தால் இந்த இருபது வளைவு அவருக்கு மிச்சம். குளிரைத் தேடி ஏறுகிற நமக்கு அது தோன்றுவதில்லை.

பாதி மலையில் காற்று மாறுகிறது. கதவு திறந்த மாதிரி, சட்டென்று. பஸ்ஸில் பேச்சு கொஞ்ச நேரம் நின்றது. அப்புறம் எல்லோரும் ஜன்னலை முழுசாகத் திறந்தார்கள்.

ஏற்காடு என்றால் ஏரியும் காடும். ஏரிக்கரையில் இன்று சிப்ஸ் கடையும் படகுக்கு வரிசையும்தான் பிரதானம். விடுமுறைக் கூட்டம். அதைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. கூட்டம் இல்லாத இடம் வேண்டுமானால் எஸ்டேட் ரோட்டில் நடக்க வேண்டும். உயர உயரமாகச் சில்வர் ஓக் மரங்கள், ஒவ்வொன்றையும் கட்டிக்கொண்டு மிளகுக் கொடி, நிழலில் காப்பிச் செடி. 1820-களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் கொண்டுவந்து வைத்த காப்பி. பேரிக்காயும் அவர் கைங்கர்யம்தான் என்பார்கள். கலெக்டர்களில் இப்படியும் ஒருவர், இருநூறு வருஷம் கழித்தும் காலையில் டம்ளரில் வந்து நிற்கிறார். தாவரவியல் ஆய்வுத் துறையின் ஆர்க்கிட் தோட்டத்துக்குள் மகள் ஒரு மணி நேரம் காணாமல் போனாள். கிளியூர் அருவியில் இந்த மாதத்தில் தண்ணீர் பேருக்குத்தான், அதனால் இறங்கவில்லை. சேர்வராயன் கோயில் குகைக்கும் நேரமில்லை.

லேடீஸ் சீட் என்கிற மலை முனைக்கு வந்தபோது மணி ஐந்து. நேற்றைய மழையில் தூசு அடங்கி, கீழே ஊர் துடைத்துவைத்த மாதிரி தெரிந்தது. நாலு நாளாக நாங்கள் அலைந்த ஊர். மகளிடம் ஒவ்வொன்றாகக் காட்டினேன். அதோ வெள்ளையாகச் சிராய்ப்பு மாதிரி தெரிகிறதே, அது வெள்ளைக்கல் எடுக்கிற இடம், மாக்னசைட். அந்தப் பேரிலேயே ஒரு ரயில் நிலையம் இருக்கிறது. இந்தப் பக்கம் தனியாகப் படுத்திருப்பது கஞ்சமலை. மலை முழுக்க இரும்புக் கல். பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே சேலத்து இரும்பைத் தேடி வெள்ளைக்காரர்கள் வந்தார்கள். அடியில் உருக்காலை, 1981-ல் ஓடத் தொடங்கியது. வேடிக்கை என்னவென்றால், அந்த ஆலை தலைக்கு மேல் இருக்கும் மலையைத் தொடுவதில்லை. எங்கிருந்தோ வந்ததை உருக்கி எவர்சில்வர் தகடு போடுகிறது. அதே கஞ்சமலையில் சித்தர் கோயில். அமாவாசைக்கு அமாவாசை கூட்டம் போகும்.

"தாத்தா வீடு எங்கம்மா?"

ஜருகுமலையைக் கண்டுபிடித்தேன். அதற்கு இந்தப் பக்கம், கூரைகள் நெருக்கியடித்துக் கிடக்கும் இடம். அங்கேதான் எங்கேயோ. அவள் ரொம்ப நேரம் கண்ணைச் சுருக்கிப் பார்த்துவிட்டு, "தறிச் சத்தம் கேக்கல" என்றாள்.

இறங்கும்போது உட்கார இடமில்லை. இருபது வளைவும் கம்பியைப் பிடித்தபடி. எலுமிச்சம்பழம் பையில் பத்திரமாக இருந்தது.

ஐந்தாம் நாள், சனி

காலையில் ஏற்காடு ரோட்டில் மாடர்ன் தியேட்டர்ஸ் வளைவுக்கு முன்னால் இறங்கினோம். டி.ஆர். சுந்தரம் 1935-ல் தொடங்கிய ஸ்டூடியோ. நூற்றுக்கும் மேற்பட்ட படங்கள். மலையாளத்தின் முதல் பேசும் படம்கூட 1938-ல் இவர்கள் எடுத்ததுதான். இப்போது மிச்சமிருப்பது இந்த வளைவு. உள்ளே குடியிருப்பு. மகள் நடுவில் நின்று ஒரு படம் எடுத்துக்கொண்டாள். இங்கே ஒரு காலத்தில் கூட்டம் எப்படி நிற்குமாம் என்று தாத்தா சொன்ன கதையெல்லாம் சொன்னேன். கேட்டுக்கொண்டாள்.

அங்கிருந்து கன்னங்குறிச்சி. மூக்கனேரியில் காலைப் பறவைகள் இன்னும் கிளம்பவில்லை. நான் ஊரை விட்டுப் போனபோது இது ஆகாயத்தாமரையும் குப்பையுமாக இருந்த ஏரி. 2010 வாக்கில் ஊர்க்காரர்களே சேர்ந்து தூர்வாரி, அள்ளின மண்ணை வெளியே கொட்டாமல் ஏரிக்குள்ளேயே திட்டுத் திட்டாகக் குவித்து மரம் நட்டார்கள். இப்போது ஒவ்வொரு திட்டும் ஒரு தோப்பு, ஒவ்வொரு தோப்பிலும் கூச்சல். திருமணிமுத்தாற்றைப் பார்த்த எரிச்சல் இங்கே கொஞ்சம் தணிந்தது. மனசு வைத்தால் முடிகிறது என்பதற்கு இந்த ஊரிலேயே சாட்சி இருக்கிறதே, அப்புறம் ஆற்றுக்கு என்ன கேடு என்று கோபம் இன்னொரு பக்கம்.

வீடு ஏரிக்கு நாலு தெரு தள்ளி. ஓய்வுபெற்ற டீச்சரம்மா கீழே இருக்கிறார், மாடி வாடகைக்கு. புரோக்கர் இல்லை, அத்தைக்குத் தெரிந்தவர் மூலம். இரண்டு படுக்கையறை, பழைய சிவப்புத் தரை, சமையலறையில் அம்மி பதித்த மேடை. தண்ணீர் நாலு நாளுக்கு ஒரு தடவை, போர் தண்ணீர் உப்பில்லை. அம்மாவின் கேள்விகளுக்கெல்லாம் டீச்சர் நோட்டில் எழுதி வைத்த மாதிரி பதில் சொன்னார். நெட்டுக்கு, எதிர் வீட்டுப் பையன் வீட்டிலிருந்தே கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறானாம்.

குறைகள்: சனிக்கிழமை மத்தியானமே கரண்ட் இரண்டு தடவை போயிற்று. என் அலுவலகத்துக்கு இரண்டு பஸ் மாற வேண்டும். படி செங்குத்து, அம்மாவின் முழங்காலுக்கு ஆகாது. அதைச் சொன்னதும் டீச்சர், "அவங்க எதுக்கு ஏறணும்? பகல்ல எங்கூட கீழ இருக்கட்டும். பேச்சுக்கு எனக்கும் ஆள் வேணுமில்ல?" என்றார். பார்த்து இருபது நிமிஷம்தான் ஆகியிருந்தது.

மொட்டை மாடிக்குப் போனோம். துணி காயும் கம்பி, ஒரு உடைந்த நாற்காலி, வடக்கே மலை. மறைப்பே இல்லாமல், மடிப்பு மடிப்பாக. நேற்று பஸ்ஸில் போன ரோடு எங்கே ஏறுகிறது என்றுகூடத் தெரிந்தது. ஆனால் வீட்டுக்கும் மலைக்கும் நடுவில் ஒரு காலி மனை. என் வயிறு கலங்கியது.

"டீச்சர், இந்த மனைல யாராவது கட்டுவாங்களா?"

"கட்டுவாங்கதான். மனைன்னா கட்டாமயா?" என்றார். அப்புறம் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "கட்டட்டுமே. ரெண்டு மாடி கட்டுவானா, மூணு கட்டுவானா? மலைய விட ஒசரமாவா கட்டப் போறான்?"

ராத்திரி ரயிலுக்கு நேரமிருந்தது. டீச்சர் தோசை ஊற்றிக் கொடுத்தார், மறுக்க விடவில்லை. ஏழரை மணிக்கு மறுபடி கரண்ட் போனது. புழுக்கத்துக்கு மாடிக்கு ஏறினோம். தெரு முழுக்க இருட்டு. மேலே ஏற்காட்டில் மட்டும் விளக்குகள், கீழ் வானத்தில் நட்சத்திரம் இறங்கி உட்கார்ந்த மாதிரி ஒரு வரிசை. அதற்குக் கீழே மலை ரோட்டில் ஒரு வண்டி வெளிச்சம் நகர்ந்தது. மறைந்தது. கொஞ்ச நேரம் கழித்து வேறு பக்கம் பார்த்தபடி வெளிப்பட்டது.

"வளைவு" என்றாள் மகள். எண்ண ஆரம்பித்தாள். எட்டு வரைக்கும் எண்ணினாள், அதற்குள் வண்டி மரத்துக்குப் பின்னால் போய்விட்டது. இன்னொன்று வரட்டும் என்று உடைந்த நாற்காலியைச் சுவரில் சாய்த்துப் போட்டு உட்கார்ந்தாள்.

அட்வான்ஸ் எவ்வளவு, எப்போது என்று டீச்சரிடம் பேசிக்கொண்டே நான் படி இறங்கினேன். பின்னாலிருந்து குரல் வந்தது.

"அம்மா, வடக்கு ஜன்னல் இருக்கற ரூம் எனக்கு."